படர்தாமரை

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது.
சரக்கு ரயில் கடக்கும்வரை
முழங்கை மடிப்பைச் சொறியாமல் நின்றேன்.

ஒரு ரூபாய் அகலம். சிவந்த விளிம்பு.
இதற்குப் போய்த் தாமரை என்று
யார் பேர் வைத்தார்களோ.

பிளாஸ்டர் ஒட்டினால் தெரியாது.
ஞாயிறு ஜூடோ செலக்‌ஷன்.
ஆனால் ஹெப்சிபாவின் கழுத்து
தினமும் இந்த மடிப்பில்தான் கிடக்கிறது,
அவள் தட்டும்வரை.

கையை நீட்டிக் காட்டினேன்.
அரையடி நகர்ந்தாள்.
பிறகு ப்ளீச்சிங் பவுடர் வாளியைக்
காலால் என் பக்கம் தள்ளினாள்.

மெட்ரோ லாரி வராத நாள்.
ஒன்றரைக் குடத்தில் மேட் முழுக்கத் துடைத்தோம்.
அரைக் குடம் அவள் குளிக்க.
என் துண்டைத் தனியே பையில் முடிந்தேன்.

படியிறங்கும்போது சொன்னாள்:
"மூணு வாரம் மருந்து விடாம போடு.
ஒன்னத் தூக்கி அடிக்காம
எனக்கு இப்பவே கை அரிக்குதுடி."