பின்சக்கரம் இரண்டு மட்டும்

துவாஸ் கடைசிக் கதவைத் தாண்டியதும்
கைப்பேசி என்னைக் கடலில் போடுகிறது.
நீலத்தின் மேல் நீலப் புள்ளி.
வந்த வழியே திரும்பச் சொல்கிறாள்
அதற்குள் இருப்பவள்.
வரைபடத்துக்கு இன்னும் சேதி எட்டவில்லை.
போன தீபாவளிக்கு இங்கே மீன் இருந்தது.

வண்டி, கம்பெனியிலிருந்து வந்தது வந்தபடி:
உயர்த்திய ஸ்பிரிங் இல்லை, பல் வைத்த டயர் இல்லை,
இழுக்கும் சக்கரம் பின்னால் இரண்டே இரண்டு.
சிஓஇ முடியப் பதினான்கு மாதம்.
ஆக்சில் உடைந்தால் உன் சம்பளத்தில் என்று
முதலாளி குவெக் சிரித்துக்கொண்டே சொன்னார்.

பின்னால் எண்பத்தாறு மதியச் சாப்பாடு,
நாற்பது பெட்டி தண்ணீர்.

வழி மூன்று.
டம்பர் லாரி போகும் பாதை இறுகியதுதான்.
ஆனால் அதன் தடத்தில் இறங்கினால்
என் வண்டியின் வயிறு நடுமேட்டில் உட்காரும்,
சக்கரம் காற்றை உழும்.
தடுப்புச்சுவரை ஒட்டிய கல் பாதை:
இருபது நிமிடம் கூடுதல், குழம்பு சிந்தும்.
மூன்றாவது அழகு.
இஸ்திரி போட்டு விரித்த வெள்ளை.
நேற்று மேலாளர் டெரிக்கின் நாலுசக்கர இழுவை
அதில் போய், திரும்பியும் வந்திருக்கிறது.
இரண்டு கோடு,
வா வா என்கிற மாதிரி.

அருளப்பன் இறங்கி நடக்கிறான்.
உவரிப் பக்கத்துத் தேரிக்காடு பார்த்தவன்,
இதை மணல் என்றே ஒப்புக்கொள்வதில்லை.
"கப்பல்ல வந்த சாமான்க்கா.
எந்த ஊர் குணம்னு யாருக்குத் தெரியும்?"
குதிகாலை ஊன்றி அழுத்துகிறான்.
செருப்புத் தடிமன் இறங்கினால் போகலாம்,
கணுக்கால் என்றால் கூடாது.
வெள்ளையில் பத்தாவது அடி வைத்தபோது
மேல்தோல் அப்பளமாய் நொறுங்கியது.
அடியில் சாம்பல் நிறக் களி,
இன்னும் கடலாகவே.
செருப்பில் ஒன்றை அங்கேயே விட்டுவிட்டு வந்தான்.

பள்ளியில் ஐந்து நிலமும் மனப்பாடம் செய்தேன்.
இது எந்தக் கட்டத்தில் வரும் டீச்சர்?
மேலே பாலை, கீழே நெய்தல்,
கருப்பொருள் டீசல்.

கல் பாதையையே எடுத்தேன்.
கல் முடிந்து மணல் தொடங்கும் இடத்தில்
டயர் காற்றைக் குறைத்து,
இரண்டாம் கியரில், பிரேக்கைத் தொடாமல்,
ஸ்டியரிங்கைத் தூங்கும் பிள்ளையின் தலைபோலப் பிடித்து.
நின்றால் புதைவோம்.
தண்ணீரின் பாரம் பின்சக்கரத்தை
மிதித்துப் பிடித்திருந்தது.
சாப்பாடு சூடாகப் போய்ச் சேர்ந்தது.
ரசம் மட்டும் பாதி.

வரும்போதுதான் சிக்கல்.
காலி வண்டிக்குப் பின்புறம் பஞ்சு.
சக்கரம் சுற்றும், உலகம் நகராது.
அதனால் ஆறு அரிசிச் சாக்கில்
அந்த மணலையே அள்ளிக் கட்டி
அச்சுக்கு மேலே அடுக்கி ஓட்டி வந்தேன்.

கதவில் கல்சோம் அக்கா, பாதுகாவலர்,
தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார்.
இங்கே மணல் உள்ளே மட்டும்தான் வரலாம்.
அடுத்த நாட்டில் காசு கொடுத்து வாங்கியது.
"கொட்டு."
கொட்டினேன்.

மறுநாளும். அதற்கு மறுநாளும்.
ஏற்றுவதும் கதவில் கொட்டுவதுமாய்
மூன்று வாரத்தில்
காவல் கூண்டுக்குப் பக்கத்தில் இடுப்பளவு மேடு.
ஒரு மைனா வந்து உட்கார்ந்து பார்த்தது.
கல்சோம் அக்கா பெயரும் வைத்துவிட்டார்:
புக்கிட் வதனி.
வீட்டுக் குலுக்கலில் மூன்று முறை
எண் விழாத வதனிக்கு
ஒரு குன்று.

சனிக்கிழமை புல்டோசர் வந்து நிரவிவிட்டது.
யாரையும் கேட்கவில்லை,
கேட்பதற்கு என்ன இருக்கிறது.

திங்கள்.
நீலத்தின் மேல் நீலப் புள்ளி.
ஆறு சாக்கும் மடித்து இருக்கைக்கு அடியில்.
அருளப்பன் புதுச் செருப்போடு இறங்குகிறான்.
ராத்திரி மழை பெய்திருக்கிறது.
மூன்று வழியும் இன்று வேறு.