பத்தொன்பது பாகை

மூன்று நாளாய் வெய்யில் இல்லை.
தாழமுக்கம் கரைக்கு வராமலே திரும்பிவிட்டது,
தன் காற்றை மட்டும்
மருதங்கேணியில் விட்டுவிட்டு.

மோட்டார் சைக்கிளை மதகடியில் நிறுத்தித்
தரவைக்குள் இறங்குகிறேன். முழங்கால் சேறு.
கமலாசனி முன்னே போகிறா,
உரப்பையைத் தலையில் கொளுவியபடி.

முதலாவது, வெள்ளைப் பசு.
காயமில்லை. நுரையில்லை. வயிறு ஊதவில்லை.
காற்றுக்கு முதுகைக் காட்டிப் படுத்த வாக்கில்
அப்படியே கிடக்கிறது,
தட்டினால் எழும்பும் போல.
காதைத் தொட்டேன்:
விடியப்புறத்துக் கிணற்றுக் கயிறு.

நேற்றிரவு எத்தனை பாகை என்று
கச்சேரியிலிருந்து கேட்டார்கள்.
பத்தொன்பது என்றேன்.
பின்னால் ஆரோ சிரித்தது கேட்டது.

பத்தொன்பதில்
என் தம்பி தவயோகன்
அல்பேட்டா மலையூரில்
கட்டைக் காற்சட்டையோடு திரிவான்.
இந்தக் கிழமை அங்கே மைனஸ் முப்பத்தெட்டு,
காற்றையும் சேர்த்தால் ஐம்பத்திரண்டாம்.
"பத்து நிமிசம் காணும் அக்கா,
மூக்கு நுனி செத்துப்போம்."
பள்ளிக்கூடம் பூட்டு, றோட்டுப் பூட்டு.
அவன் வீட்டு ஹீட்டர் இரைவது
போனுக்குள்ளால் கேட்டது.

காற்றைச் சேர்த்துச் சொல்ல
அவர்களிடம் ஒரு கணக்கு இருக்கிறது.
நனைந்த தோலுக்கு,
மூன்று நாள் மேயாத வயிற்றுக்கு,
கூரையில்லாத பட்டிக்கு
எத்தனையைக் கழிப்பது?
எனக்கு அதைப் படிப்பிக்கவில்லை.

ஆறாவதில் கமலாசனி நின்றா.
"இது சினை" என்றா.
பிறகு ஒன்றும் சொல்லவில்லை,
பதினேழு வரைக்கும்.

படிவத்தில் கேட்டிருக்கிறது: இறப்புக்கான காரணம்.
நோய். பாம்பு. வாகனம். வெள்ளம். வேறு.
வேறு என்பதற்கு நேரே
ஒரு விரற்கடை இடம்.
வாடை என்று எழுதினேன். வெட்டினேன்.
கூதல் என்று எழுதினேன்.
ஈரத்தாளில் மை பரந்து
இரண்டும் ஒன்றாய்ப் போயிற்று.

"பதினெட்டெல்லே சொன்னனீங்கள்?"

அடுப்படிக்குக் கூட்டிப்போனா.
சாம்பலுக்குப் பக்கத்தில்,
புருசனின் சாரம் சுற்றி,
நாலு நாள் கண்டு.
கையை நீட்ட
விரலைக் கவ்விச் சூப்பியது.
பால் இல்லை என்று தெரிந்தும் விடவில்லை.
சுடு நாக்கு.

"இதை எழுதாதேங்கோ" என்றா கமலாசனி,
"இன்னும் இரவு கிடக்கு.
நாளைக்கு வாங்கோ."