ஏறாதவர்களின் கணக்கு

கேத்தி ஸ்டேஷனில் எனக்குக் கொடுத்த வேலை
இரண்டு கட்டத்தில் எண் எழுதுவது.
ஏறியவர். இறங்கியவர்.
விரல் விறைத்ததை எழுத
கட்டம் கொடுக்கவில்லை.

முதல் நாள், பகல் வண்டி:
ஏறியவர் நான்கு, இறங்கியவர் ஏழு.
அந்த ஏழு பேரும் பள்ளத்தாக்கைப் படம் பிடித்துவிட்டு
அதே பெட்டியில் திரும்ப ஏறிக்கொண்டார்கள்.
எழுதி அடித்தேன்.
அடித்ததை மறுபடி எழுதினேன்.

சேலத்துத் திட்ட அறைச் சுவரில்
இந்த மலை ஒரு சாய்கோடு.
குன்னூர், வெலிங்டன், அருவங்காடு,
கேத்தி, லவ்டேல், உதகை என்று
ஆறு புள்ளிகள்.
விடியலில் இரண்டு வண்டி கூட்டுவதென்றால்
கேத்தியில் ஒரு கிராஸிங் லைன் வேண்டும்,
நான்கு பெட்டி ஒதுங்கி நிற்கும் நீளத்துக்கு.
அதற்குச் சரிவை வெட்ட வேண்டும்;
வெட்டினால் மேலே இருக்கும் தேயிலை
ஒரு மழையில் கீழே வந்து நிற்கும்.
"தடுப்புச் சுவருக்கே ரெண்டு கோடி.
தேவை இருக்குன்னு முதல்ல காட்டுங்க" என்றார்
கணக்குப் பிரிவு அமிர்தகடேசன்,
சர்க்கரை போடாத காபியை
வெகுநேரம் கலக்கியபடி.

நாலு பேருக்காக எவன் மலையை வெட்டுவான்?
நானே வெட்ட மாட்டேன்.

மூன்றாம் நாள் குளிரில் தூக்கம் போய்
ஐந்தேகாலுக்குப் பிளாட்பாரத்துக்கு வந்தேன்.
வளைவில் ஒரு வெளிச்சம்.
அந்நேரத்துக்கு வண்டி கிடையாது என்பது
அட்டவணை போட்ட எனக்கே மறந்து
இரண்டடி பின்வாங்கினேன்.
டார்ச்.
அதன் பின்னால் இன்னொன்று.
ஸ்லீப்பருக்கு ஸ்லீப்பர் கால் மாற்றும் செருப்புகள்,
உறைபனி உட்கார்ந்த ஜல்லி நொறுங்கும் ஓசை.

மப்ளரும் தூக்குவாளியுமாய்
அருவங்காட்டு ஷிப்டுக்குப் போகிறவர்கள்.
முன்னால் போன போஜன் கையில் தகர டப்பா,
காட்டெருமை குறுக்கே நின்றால் தட்ட.
கேன்டீன் வேலைக்குப் போகும் யோகமலர் சொன்னாள்:
"ஆறரைக்கு மொத தட்டு இட்லி இறங்கணும் சார்.
பஸ்ஸு அதுக்கப்புறம்தான் பொறக்கும்."

ரயில் விட்டால் வருவீர்களா என்று கேட்டேன்.
படிவத்தில் இருந்த கேள்விதான்.
"வழி தெரியுமே" என்றாள்.
"இதே வழிதானே?"

நாற்பத்தொரு பேர்.
ஏறவில்லை, இறங்கவும் இல்லை.
அடையாள அட்டையின் ஓரத்தை வைத்து
மூன்றாவது கட்டம் ஒன்றை நானே கிழித்தேன்.

மறுநாள் அவர்களோடு நடந்தும் பார்த்தேன்.
ஐந்து கிலோமீட்டர் சொச்சம், ஒரு மணி எட்டு நிமிடம்.
ஸ்லீப்பர் இடைவெளி
யாருடைய காலுக்கும் அளவெடுத்து வைத்ததில்லை,
ஒன்றில் வைத்தால் குறைவு, ஒன்று தாண்டினால் அதிகம்.
அதனால் எல்லோரும் கொஞ்சம் நொண்டுகிறார்கள்.
குறிப்புரையில் எழுதினேன்:
இந்த வண்டி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது.
பெட்டி மட்டும் கோக்க வேண்டியிருக்கிறது.

அமிர்தகடேசன் இரண்டு முறை படித்தார்.
டிக்கெட் எடுக்காதவன் பயணி ஆக மாட்டான் என்றார்.
பிறகு, கெட்ட மனிதர் இல்லை, மெதுவாகவே சொன்னார்:
தண்டவாளத்தில் நடப்பது குற்றம்.
நாற்பத்தொன்று என்று கையெழுத்துப் போட்டு
நீங்களே கொடுத்திருக்கிறீர்கள்.

கோப்பு மேலே போனது.
கீழே ஒரு பலகை வந்தது.

அடுத்த மார்கழியில்
தடுப்புச் சுவருக்கு மண் பரிசோதிக்க என்று
மறுபடி கேத்திக்கு அனுப்பினார்கள்.
வளைவில், மஞ்சள் பெயின்ட் இன்னும் மங்காமல்,
'தண்டவாளத்தில் நடக்காதீர். மீறினால் அபராதம்.'
ஐந்து இருபதுக்கு முதல் டார்ச் வந்தது.
யோகமலர் பலகையின் முனையில்
தூக்குவாளியை மாட்டிவிட்டு
மப்ளரை அவிழ்த்து இறுக்கிக் கட்டினாள்.
என்னைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.
வாளியை எடுத்துக்கொண்டு போனாள்.

எண்ணினேன்.
நாற்பத்தாறு.
காகிதத்தில் இன்னும் எழுதவில்லை.