இரண்டரை அங்குலம்

வடிவுக்காக இறக்கவில்லை.
கோழித்தீன் மூட்டை ஐம்பது கிலோ.
என் வலக்கை தோளுக்கு மேலே எழும்பாது.
பின்கதவை மலர்த்தினால் அதன் விளிம்பு
இடுப்புக்கு நேரே வரவேணும்.
கணக்கு அவ்வளவுதான்.

அக்சிலுக்கும் கீழேயுள்ள பட்டைவில்லுக்கும் நடுவில்
இரும்புக்கட்டை செருகி,
நீளமான யூ போல்ட் பூட்டி,
மல்லாவி அருள்நேசன் இறக்கித் தந்த அன்று
நெஞ்சால் அணைத்து வயிற்றால் தள்ளிப்
பத்தொன்பது மூட்டை தனியாக ஏற்றினேன்.
இருபதாவதுக்குக் கைகொடுக்க வந்தான்.
தள்ளி நில்லடா என்றேன்.

அன்றிரவே தொடங்கியது.
பின்பக்கம் குந்த, முகம் நிமிர்ந்து,
லைற் இரண்டும் றோட்டை விட்டுவிட்டுப்
பாலைமரத்து உச்சியைத் தேடின.
துணுக்காய் மட்டும் எத்தனை ஆந்தை பார்த்தேன்!
பள்ளம் ஒன்றும் தெரியவில்லை.
எதிரே வந்தவன் ஒவ்வொருவனும்
லைற்றை வெட்டி ஏசிவிட்டுப் போனான்.
சங்கக்கடைச் சுவரில் சோக்கால் கோடிழுத்து,
இருபத்தைந்து அடி பின்னுக்கு நிறுத்தி,
திருகாணியைத் திருகித் திருகி
வெளிச்சத்தை மண்ணுக்கு இறக்கினோம்.
கோடு இன்னும் அழியவில்லை.
மனேச்சர் கேட்டால் நான் ஊரில் இல்லை.

அறுபதில் ஒரு நடுக்கம்,
இருக்கைக்கு அடியில் ஆரோ மாவரிக்கிற மாதிரி.
எழுபதில் நின்றுவிடும்; ஆகவே எழுபதில் ஓடினேன்.
அதை வைத்தியம் என்று அருள்நேசன் ஒத்துக்கொள்ளவில்லை.
புறொப்பல்லர் தண்டு பிடரி மடங்கிச் சுழலுதாம்.
இரும்பில் சின்ன ஆப்பு, மூன்று பாகை,
கட்டைக்கும் வில்லுக்கும் இடையில்.
அடங்கியது.

பிறகுதான் வவுனிக்குளக் கட்டு.
மூட்டை எல்லாம் பாண்டியன்குளத்தில் இறக்கி
வெறுவண்டி. மாரி. கிறவல் களியாகக் கிடந்தது.
குறுக்கே ஒரு உடும்பு,
கந்தோர் உத்தியோகத்தர் நடை.
பிறேக்கில் கால் வைத்தேன், வைத்ததுதான்,
பின்சில்லு இரண்டும் இறுகிப் பூட்டி
வால் தலையை முந்திக்கொண்டு
வண்டி, வந்த வழியைப் பார்த்தபடி நின்றது.
ஒருபக்கம் குளம். ஒருபக்கம் வயல்.
உடும்பு அவசரப்படாமல் இறங்கிப் போனது.
ஸ்டியரிங்கைப் பிடித்த கை
நெடுநேரம் கழன்று வரவில்லை.

சாக்கை விரித்து அடியில் படுத்த அருள்நேசன்
கால் இரண்டையும் வெளியே விட்டுக்கொண்டு சொன்னான்:
அக்கா, அக்சிலில இருந்து போற இந்தக் கம்பிதான்
பாரத்தை அளந்து பிறேக்குக்குச் சொல்லுறது.
பாரம் ஏறினா வண்டி தாழும், கம்பி உயரும்,
பின்பிறேக் கூடப் பிடிக்கும்.
நாங்கள் தாழ்த்தி விட்டமெல்லே,
வெறுமனே ஓடேக்கையும் இது
மூட்டை இருக்கெண்டு நினைக்குது.

மூட்டை இறக்கியாச்சென்று
அதுக்கு ஆர் சொல்லுறது என்றேன்.

ஒரு ஓட்டை போட்டால் காணும் என்றான்.

கம்பி பூட்டும் தகட்டில், இரண்டரை அங்குலம் தள்ளி.
ட்றில் கத்திய நேரம்
நான் தேத்தண்ணி வாங்கப் போனேன்.
என் தோளிலும் ஒன்று போட்டார்கள்,
மாத்தளன் மணலில் வைத்து.
கணக்குத் திருந்தவில்லை.
சில இரவு தலையணையைத் தூக்கிக்கொண்டு
கதவு மட்டும் வந்து நிற்கிறேன்.
சீனி வேண்டாமென்று கடைக்காரிக்குச் சொல்ல
மறந்துபோனேன்.

இப்போது இடச்சில்லு மட்டும்,
இருபது மூட்டையோடு மதகில் ஏறினால்
மட்காட்டில் உரசுகிறது. றப்பர் மணக்கிறது.
ஒரு அங்குலம் திருப்பி உயர்த்துவம் என்கிறான்.
பதினெட்டோடு ஓடுவன் என்கிறேன்.
அப்ப மட்காட் விளிம்பைச் சுத்தியலால் மடிப்பம் என்கிறான்.
அதைச் செய் என்கிறேன்.
ஞாயிறு பூசை முடிய வருவானாம்.
அதுவரைக்கும் ஒட்டறுத்தகுளத்து மதகில்
முதல் கியர், வலப்பக்கமாய்ச் சரிந்து,
உரசல் கேட்டால் நிறுத்தி
இறங்கிப் போய் ரயரைத்
தொட்டுப் பார்க்கிறேன்.
கொதிக்கிறது.