இடக்கை

ஐந்து மூலை வெள்ளைத் தட்டுக்கு மேலே
ஒரு பெட்டி இருக்கிறது.
பலகை இல்லை, ஆணி இல்லை.
அக்குளில் தொடங்கி முழங்காலில் முடியும்.
ஆளுக்கு ஆள் அளவு மாறும்.
ஹுய் ஷின் நெட்டை, அவள் கொண்டுவருவது அலமாரி.
ஃபர்ஹானா குனிந்து நின்றால்
மிட்டாய் டப்பா.
பந்து அதன் ஓரத்தை உரசினாலும் ஸ்ட்ரைக்.
உரசியதா இல்லையா என்று
ஆயர் ஈத்தாம் திடலில், ஞாயிறு மூன்று மணிக்கு,
நான் சொல்ல வேண்டும்.

வலக்கையை மடக்கிக் குத்தினால் ஸ்ட்ரைக்.
பாலுக்குக் கை கிடையாது, வாய் மட்டும்.
"பால்!" என்று நான் கத்தும்போதெல்லாம்
வேலியோரம் மோட்டாரில் சாய்ந்திருக்கும் என் வீட்டுக்காரர்
"சீனி குறைவா?" என்பார்.
பத்து வருடமாக அதே ஜோக்.
முதல் தடவை வந்தபோது கேட்டார்:
அடிக்காமல் சும்மா நின்ற பிள்ளைக்கு ஏன் ஸ்ட்ரைக்?
பட்டர்வொர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்
கேட்கிற கேள்வியா இது?
வேலை வரும்போது கையைக் கட்டி நின்றால்
அதற்குப் பெயர் என்னவாம்.

எறிகிறவள் தர்ஷாயினி.
ஐந்தாம் படிவம், முழங்கையில் பிளாஸ்திரி.
கை ஒரு முழு வட்டம் சுற்றி
இடுப்பை உரசிக்கொண்டு விடும்.
விரல்கள் பின்னோக்கிச் சுழற்றி விட்டால்
கடைசி அடியில் பந்து எழும்பும்.
உள்ளங்கையில் புதைத்து விட்டாலோ
கை சுற்றியது அதே வேகம்தான்,
பந்து மட்டும் நேற்றுப் புறப்பட்டதுபோல் வரும்.
மட்டை முன்னாலேயே போயிருக்கும்.

ஏழாவது இன்னிங்ஸ். நாலுக்கு மூன்று.
மூன்று தளத்திலும் ஆள், இரண்டு அவுட்.
என் இடக்கைக்குள் இருக்கும் எண்ணியில்
மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக்.
காலை மழையின் ஈரம் எறியும் வட்டத்தில் இன்னும் காயவில்லை.
கொடிமலையை மறுபடி மேகம் தின்றுவிட்டது.
தள நடுவருக்குக் காய்ச்சல், நான் ஒருத்திதான்.

எறிகிறவளின் கால் தரையோடு இழுபட வேண்டும்.
காக்கை மாதிரி தத்தி
இன்னோர் இடத்தில் ஊன்றி
அங்கிருந்து உந்தக் கூடாது.
விதி அவ்வளவுதான்.

தத்தினாள்.

என் இடக்கை தோளுக்கு நேராக நீண்டது.
யாரும் அதைப் பார்க்கவில்லை.
பந்து எழும்பியது,
ஹுய் ஷின் சுற்றினாள், வெறும் காற்று,
பின்னால் கையுறையில் 'டப்'.
அணி முழுக்க ஓடி வந்து தர்ஷாயினியைத் தூக்கியது,
யாரோ அவள் தலையில் தண்ணீர் புட்டியைக் கவிழ்த்தாள்.
உயரத்தில் இருந்ததால்
அவள்தான் முதலில் என் கையைப் பார்த்தாள்.

முறை தவறிய எறிதல். கணக்கில் அது பால். நாலாவது.
மூன்றாம் தளத்துப் பிள்ளை
நடந்தே வந்து தட்டை மிதித்தாள்.
நாலுக்கு நாலு.
பயிற்சியாளர் செபஸ்தியன் தொப்பியைக் கழற்றி வீசினார்:
"எந்தக் கண்ணால பார்த்தீங்க மேடம்?"
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
நுண்நோக்கிக்கு அடியில்
சில்லில் முடி அளவு விரிசல் தேடும் அதே கண்ணால்
என்று சொல்லியிருக்கலாம்.
"தடம் இருக்கு. வாங்க, காட்டுறேன்."

நாங்கள் நடந்து சேர்வதற்குள் மழை வந்துவிட்டது.
தடம் என்று நான் காட்டியது
தண்ணீர் நிறைந்துகொண்டிருந்த ஒரு குழி.
செபஸ்தியன் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
தர்ஷாயினி நனைந்தபடி வந்து நின்று
"சார், வழுக்கிருச்சு" என்றாள்.
தத்தினேன் என்று அவள் சொல்லவில்லை.
தத்தவில்லை என்றும் சொல்லவில்லை.
மிச்ச ஆட்டம் அடுத்த ஞாயிறு.

படகின் மேல்தட்டில் நின்று
மார்புக் கவசத்தின் வாரைப் பிழிகிறேன்.
"சரியாத்தானே சொன்ன?" என்கிறார் வீட்டுக்காரர்,
சீனியைப் பற்றி ஒன்றும் கேட்காமல்.
எண்ணியில் இன்னும் மூன்று, இரண்டு.
பூஜ்யத்துக்குத் திருப்பப் போன பெருவிரல்
சக்கரத்தின் பல்லில் நின்றுவிட்டது.
பட்டர்வொர்த் விளக்குகள் கிட்ட வருகின்றன.
அவர் கடலைப் பார்க்கும் நேரமாகப் பார்த்து
வலது காலைக் கொஞ்சம் தூக்கி
நனைந்த இரும்புத் தரையில்
ஒரு தடவை தத்திப் பார்க்கிறேன்.

வழுக்கத்தான் செய்கிறது.