தம்பலகாமத்து வைக்கோல்

குடிலுக்கு வைக்கோல் ஏற்றி வந்தது என் ஓட்டோதான்.
போன போகத்து வைக்கோல்,
தம்பலகாமத்தில் கோணாமலையர் வளவில்
தறப்பாள் மூடிக் கிடந்தது.
காசை நீட்ட, மனிசன் கையைத் தட்டிவிட்டார்:
"பிள்ளை படுக்கிறதுக்குத்தானே,
அதுக்கு என்ன கணக்கு."
கண்டி வீதி முழுக்க மழை.
பின் சீற்றில் ஒரு பயணியைப் போல
நனையாமல் வந்தது வைக்கோல்.
நனைந்தது நான்.

நாலு கிழமையாகச் சுவாமி
கடவுளின் அன்பு, கடவுளின் அன்பு என்றே சொன்னார்.
நான் கடைசி வாங்கில் இருந்து
லீசிங் காசை எண்ணிக்கொண்டிருந்தேன்.
எமில்டா கட்டாரில்
வேறு யாரோ பிள்ளைக்குப் பால் கரைக்கிறாள்;
எங்கள் சின்னவள் அவளைத்
தொலைபேசியின் அகலத்தில்தான் அறிவாள்.
அன்பு என்றால் எனக்கு
மாதம் இருபத்தெட்டாம் திகதி
வங்கியிலிருந்து வரும் ஒரு குறுஞ்செய்தி.
குறை சொல்லவில்லை, சுவாமி,
உள்ளதைச் சொல்கிறேன்.

நத்தார் இரவு.
துறைமுகத்துக் கப்பல் விளக்குகளை
வாடை உலுப்பிக்கொண்டிருந்தது.
ஒரு கிழமையாய் வள்ளம் இறங்கவில்லை.
கரண்ட் இரண்டு தரம் போய் வந்தது.
பூசை மட்டும் குடிலைப் பார்த்துக்கொள் என்று
கோயில் முற்றத்தில் என்னை நிறுத்தினார்கள்.
பாலன் இன்னும் வெளியே வரவில்லை;
உள்ளறையில் துவாயில் சுற்றிக் கிடந்தார்,
வலக்கை நடுவிரல் உடைந்த பாலன்.
வெறும் தொட்டியும் வைக்கோலும்தான் என் காவலில்.

ஒரு தேத்தண்ணி குடித்துத் திரும்புகிறேன்,
மான்.

கோட்டைப் பக்கத்து மான்தான்,
பஸ் நிலையத்தில் பொலித்தீன் சப்பிக்கொண்டு
தினம் ஓட்டோவுக்குக் குறுக்கே நிற்கிறது.
காது கிழிந்த பிணை.
களிமண் மாட்டை முகர்ந்தது,
களிமண் கழுதையைத் தள்ளியது,
தொட்டிக்குள் தலையை விட்டது.

கல் எடுத்தேன். எறியவில்லை.
ஏனென்று இப்போதும் தெரியாது.
மின்மினி விளக்கில் விலா எலும்பு ஒவ்வொன்றும்
பச்சையாய், சிவப்பாய்த் தெரிந்தது.
அது அவசரப்படவில்லை;
தனக்கு வைத்ததைத் தின்கிற மாதிரித் தின்றது.

முன்னணை, முன்னணை என்று பாடிப் பாடி
அது தீனி வைக்கிற இடம் என்பதையே
மறந்துவிட்டோம் போல.
நாங்கள் பஞ்சு ஒட்டி, வெள்ளித்தாள் ஒட்டி
அழகு பார்த்த மரத்தை
அதன் வேலைக்குத் திருப்பிக் கொடுத்தது
அந்த ஒரு வாய்தான்.
பசித்தவை தலை நீட்டுகிற உயரத்தில்
பிள்ளையைக் கிடத்தினாள் தாய்.
பீடம் அவ்வளவு தாழ்வாய் இருக்கலாம் என்று
யார் நினைத்தது?

பன்னிரண்டுக்கு மணி அடித்தது.
சுவாமி பாலனை ஏந்தி வந்து பார்த்தார்:
ஒரு துரும்பு இல்லை.
தூபம் பிடித்த பொடியன் என்னை முறைத்தான்.
"மான்," என்றேன்.
சிரிக்கப் பார்த்தார் சுவாமி, சிரிக்கவில்லை.
எச்சில் ஈரம் காயாத பலகையில்
பாலனை மெல்லக் கிடத்தினார்.
உடைந்த விரல் அந்த ஈரத்தில் பட்டது.

பிறகு நற்கருணை வரிசையில் போய் நின்றேன்,
எத்தனையோ மாதத்துக்குப் பிறகு.
நாக்கை நீட்டியபோது
கிழிந்த காதுதான் ஞாபகம் வந்தது.
தகுதி பார்க்காமல், ஆரையும் கேட்காமல்
தனக்கு வைத்ததென்று வந்து தின்கிற துணிவு.
அதற்காகத்தான் காத்திருந்தாரா
இவ்வளவு காலம், தொட்டிக்குள் கிடந்து?

எமில்டாவுக்கு இரவே சொன்னேன்.
கனநேரம் பேசாமல் இருந்துவிட்டு
ஒன்றுதான் கேட்டாள்:
"வயிறு நிரம்பினதோ அதுக்கு?"

தெரியாது.
விடிய, தூறலோடு, திரும்பவும் தம்பலகாமம்.
கோணாமலையர் தறப்பாளைத் தூக்கிக்கொண்டே கேட்டார்:
"பிள்ளை பிறந்திட்டுதோ?"
"ஓம்," என்றேன்.
"இன்னும் ஒரு கட்டு வேணும்."