ஒரேயொரு டிக்

விடிய நாலு ஐம்பதுக்கு வதனி எடுத்தாள்.
பதினாலு மாதத்துக்குப் பிறகு.
ஹலோ இல்லை, சுகமா இல்லை.
"கார் ஸ்டார்ட் வருதில்லை" என்றாள்.
"வேற ஒருத்தரும் போனை எடுக்கேல்லை."

வினிபெக்கில் நான், கட்டில் ஓரத்தில், ஒரு காலில் மட்டும் சொக்ஸ்.
பிராண்டனில் அவள்,
இரவு வேலை முடிந்து
இறைச்சி ஆலையின் வாகனத் தரிப்பிடத்தில்.
இடையில் இருநூற்றுச் சொச்சம் கிலோமீற்றர்,
மைனஸ் முப்பத்தொன்று,
பதினோராயிரம் டொலர்:
நான் பிடித்த சீட்டு, என் கையில் முறிந்த சீட்டு.

அதை அவள் கேட்கவில்லை.
நான்தான் கேட்டேன்:
"திறப்பைத் திருப்பேக்க என்ன சத்தம்?"
"டிக்."
"ஒண்டா, கனக்கவா?"
"ஒண்டு."
"போனை வெளியில பிடிச்சுக்கொண்டு திரும்பத் திருப்பு."

டிக்.

படபடவென்று கனக்க வந்தால் பற்றரி.
ஒன்றுமே வராவிட்டால் வயர், பியூஸ்,
இல்லையென்றால் கியர் சரியாக விழவில்லை.
சுற்றிச் சுற்றியும் பிடிக்காவிட்டால் பெற்றோல் வரவில்லை.
ஒரேயொரு டிக் என்றால்
கதவை ஒருதரம் தட்டிவிட்டு
திரும்பத் தட்ட வெட்கப்பட்டு நிற்கிற ஆளின் சத்தம்.

"லைட்டைப் போடு. முன்னுக்குப் பனியில வெளிச்சம் விழுதா?"
"விழுது."
"திருப்பேக்க மங்குதா?"
இரண்டு தரம் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:
"இல்லை. அப்பிடியே நிக்குது."

எதையும் இரண்டு தரம் பார்க்காமல் சொல்லமாட்டாள்.
மாதாமாதம் சீட்டுக் காசை மட்டும்
எண்ணாமல் தருவாள்.

"அப்ப பற்றரி நல்லம். ஸ்டார்ட்டர்."
பஸ் டிப்போவில் எனக்குப் பத்தொன்பது வருடம்.
அந்தக் கொரோலாவை அவளுக்குப் பார்த்து வாங்கிக் கொடுத்ததும் நான்.
ஸ்டார்ட்டருக்குள் நகத்தளவில் இரண்டு செப்புத் துண்டு.
பாய்கிற இரும்பு இரண்டையும் தொட்டால் எஞ்சின் சுற்றும்.
தேய்ந்துபோனால், ஒரு மயிரிழை போதும்,
தொடாது.

"டிக்கியில சில்லுக் கழட்டுற கம்பி கிடக்கும். எடு."
பனி நொறுங்குகிறது. டிக்கி திறக்கிறது.
ஒரு தூஷணம். காருக்கா எனக்கா தெரியவில்லை.
"பொனற்றைத் திற. குனிஞ்சு பார்,
ரின்பால் பேணியளவில ஒரு உருளை."
"எல்லாம் கறுப்பாக் கிடக்கு."
"தடிச்ச வயர் ஒண்டு போய் ஏறுற இடம்."
"...ம்."
"அதில தட்டு. உடைக்கிற மாதிரி இல்லை,
நித்திரையால எழுப்புற மாதிரி."

நாலு அடி கேட்டது.
நாலாவது தேவைக்கு மேலே.
அது எனக்கு.

கதவு. திறப்பு.
டிக்.
"இன்னொருக்கா."
டிக், உடனே ஒரு இருமல்,
பிறகு பிராண்டனில் ஒரு எஞ்சின்
என் காதுக்குள் ஓடத் தொடங்கியது.

நான் அவசரப்பட்டேன்.
நிப்பாட்டாதே, நேர வீட்டை போ,
தட்டினா இன்னும் ரெண்டு தரம் ஓடும், கூடினா மூண்டு.
உள்ள செப்பை மாத்த வேணும்.
கராஜில முழுசா மாத்தச் சொல்லி அறுநூறு கேட்பாங்கள்,
காசு விசயத்தில ஒருத்தரையும் நம்பாதே...

பாதியில் வாயை மூடினேன்.
அவளும் ஒன்றும் சொல்லவில்லை.

"செப்பு எவ்வளவு?"
"ரெண்டும் இருபத்தைஞ்சு டொலர் வரும்.
ஞாயிறு எனக்கு லீவு. கொண்டுவந்து போட்டுவிடுறன்."
"விலையைத்தான் கேட்டனான்."

பிறகு கண்ணாடியில் ஐஸ் சுரண்டும் சத்தம்.
முன் கண்ணாடி, பக்கம், நெடுநேரம் பின் கண்ணாடி.
போனை வைக்க மறந்துவிட்டாள் போல.
நான் வைக்கவில்லை.
எஞ்சின் சூடேறித் தணிந்து சீராகிறது.
அதற்குக் கீழே, கவனித்தால் மட்டும்,
பெல்ற் ஒன்று மெல்லக் கீச்சிடுகிறது.
அதையும் மாற்றவேண்டும்.
இப்போது சொல்லவில்லை.